சம்பந்தி மேசையில் வைத்த டிப்ஸ்

இத்தாலியில் எங்கள் பலெர்மோவுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் ஊர் காட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான் நான். ஆனால் இந்த நகரத்தில் எங்கே நின்று சாப்பிடுவது, எங்கே இருந்து சாப்பிடுவது என்று என்னைப்போல் சொல்ல இன்னொருவன் பிறந்து வர வேண்டும். ஒரேத்தோ தெருவில் இன்று எனக்குச் சொந்தப் பலசரக்குக் கடை இருக்கிறது. அதையும் யாரும் தூக்கித் தரவில்லை.

தரகர் ஒருவர் தொடர்பு ஏற்படுத்தி, என் மகளும் அமெரிக்காவில் இருக்கும் ஒரு பையனும் போனில் கதைத்துப் பிடித்துப்போனார்கள். பெரியவர்கள் சரி சொல்வதுதான் பாக்கி. அதற்காகப் பையனின் தாயும் தகப்பனும் வந்திறங்கினார்கள். தரகர் என்னைப் பற்றி "ரெஸ்டோரண்ட் பிசினஸ்" என்று சொல்லி வைத்திருந்தார். உண்மையில் நான் உணவகத்தில் பதினொரு வருடம் கோப்பை கழுவியவன்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கோப்பைக் கதையை மட்டும் எடுத்திடாதேங்கோ" என்றாள் மனைவி. "பிள்ளைக்கு இது நல்ல இடம்."

"ஓம் ஓம், நான் என்ன விசரனே?"

காலையில் அவர்களைக் கபோ சந்தைக்குக் கூட்டிப்போனேன். கடலைமாவில் பொரித்த பனெல்லேயைப் பணிசு ரொட்டிக்குள் வைத்துச் சுடச்சுடத் தருவார்கள். பையனின் அம்மா உட்காரக் கதிரை தேடினார். "இஞ்சை நிண்டு சாப்பிட்டால்தான் ருசி" என்றேன். இரண்டு சாப்பிட்டார். பிறகு கோப்பிக் கடையில், பில்லின் மேல் ஒரு சின்னக் காசை டிப்ஸாக வைத்துத் தள்ளுவது எப்படி என்று காட்டினேன். கோப்பிக்காரன் எனக்குக் காட்டிய மரியாதையை அவர்கள் பார்க்க வேண்டும் என்றிருந்தேன், பார்த்தார்கள்.

மதியம், நான் வேலை செய்த அதே உணவகத்துக்குப் போனோம். என்னை அறிந்தவர்கள் அங்கே இப்போது இல்லை. ஆனால் கத்தரிக்காயை அந்த உணவகத்தைப்போல் சமைக்க ஊரில் வேறு ஆளில்லை. மூன்று மணித்தியாலம் இருந்தும் யாரும் எழுப்பவில்லை.

"எங்கடை பக்கம் கடைசி வாய் விழுங்க முன்னம் பில் வந்திடும்" என்றார் தகப்பன்.

"இஞ்சை கேட்டால்தான் பில் வரும், அண்ணை. அதுவரைக்கும் மேசை உங்கடை."

பில்லை நான் கட்டினேன். அவர் டிப்ஸுக்குப் போனில் இருபது வீதம் கணக்குப் பார்த்து, நோட்டுகளைத் தட்டுக்குக் கீழே வைத்தார்.

"எடுங்கோ அண்ணை! ரொட்டிக்கும் மேசைக்கும் ஆள்கணக்கிலை பில்லிலேயே போட்டாச்சு. சில்லறையை விட்டால் காணும்."

"வேலை செய்யிறவன் பாவமெல்லே?"

"இது பரிமாறுறவன்ரை பொக்கற்றுக்குத்தான் போகும். உள்ளுக்கை கோப்பை கழுவுறவனுக்கு ஒரு சதமும் வராது."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மேசைக்குக் கீழே மனைவி என் காலை மிதித்தாள். அவள் மிதித்த மிதியில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் உழைத்ததை மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

"அந்தக் கதவுக்குப் பின்னாலை பதினொரு வருசம் நான்தான் கழுவினனான். என்ரை வேகத்துக்கு இந்த ஊரிலை ஆளில்லை."

மனைவி மேசைவிரிப்பைப் பார்த்தபடி இருந்தாள். திடீரென்று அந்த அம்மா சிரித்தார்.

"இப்ப சொல்லுங்கோவன்!" என்று கணவரை இடித்தார். "இவரும் அமெரிக்காவிலை முதல் கோப்பை கழுவி, பிறகு மேசை துடைச்சவர்தான். அந்த டிப்ஸிலைதான் நாங்கள் வாடகை கட்டினது. ஹோட்டல் மனேஜர் எண்டு சொல்லச் சொல்லி எனக்கு ஒரே ஆக்கினை!"

அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் என்னைக் கேட்டார்: "வேகம் எண்டனீங்கள்... மெஷினோடையோ, கையாலையோ?"

"கையாலை!"

"நானும் கையாலைதான்."

இருவரும் நோட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். கழுவிக்கொண்டிருந்த மொரீசியஸ் பெண்ணின் கையிலேயே கொடுத்தோம். திரும்பி வந்தபோது, கல்யாணத்தை இங்கே வைப்பதா அங்கே வைப்பதா என்று பெண்கள் இருவரும் வாதாடி முடித்திருந்தார்கள். இங்கேதான். அந்தக் கத்தரிக்காயைச் சாப்பிட்ட பிறகு யார் அமெரிக்காவில் வைப்பார்கள்?