கர்ட் வாக்லர் சேர்த்துவைத்த வருடம்

கோச் ஹேகன் தன் அறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது கர்ட் வாக்லருக்கு முதலில் அழுகைதான் வந்தது. கல்லூரிக் கூடைப்பந்து அணியில் முதல் இரண்டு ஆண்டுகளையும், எப்போதாவது ஓரிரு நிமிடம் இறங்கியது தவிர, அவன் பெஞ்சிலேயே கழித்திருந்தான். மூன்றாம் ஆண்டிலாவது ஆடிவிட வேண்டும் என்று கோடை முழுவதும் கொட்டகைச் சுவரில் அடித்திருந்த வளையத்தில் பந்தெறிந்து தோளைக் கெடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷமும் உட்காரு தம்பி," என்றார் ஹேகன். "லமான்டுக்கு இது கடைசி வருஷம். அவன் இருக்கிறவரைக்கும் உனக்கு அஞ்சு நிமிஷம் கிடைச்சாலே பெருசு. அதுக்குப் போய் ஒரு வருஷத்தை எரிப்பானேன்? சிவப்புச் சட்டை போட்டுக்கோ. அவன் போனதும் ரெண்டு வருஷம் பந்து உன் கையில."

கல்லூரியில் ஒருவனுக்கு ஆடக் கிடைப்பது நான்கு ஆண்டுகள். ஓர் ஆண்டு முழுவதும் பயிற்சியில் மட்டும் சிவப்புச் சட்டை போட்டு ஓடிவிட்டு, ஆட்டத்தில் காலே வைக்காமல் இருந்தால் அந்த ஆண்டு கணக்கில் சேராது. ஒரே ஒரு நொடி இறங்கினாலும் சேர்ந்துவிடும். எங்கள் தெற்கு இண்டியானாவில் மளிகைக் கடையில் நிற்கும் பாட்டிகளுக்குக்கூட இந்தச் சட்டம் தெரியும்.

கர்ட்டுக்கு அந்த வருடத்தில் ஆட்டத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. அவன் ஆசிரியர் படிப்புக்குத் தாமதமாகத்தான் மாறியிருந்தான். அதை முடிக்க ஐந்தாவது ஆண்டும் படித்தாக வேண்டும். அணியில் இருக்கும்வரைதான் கல்லூரி அவன் படிப்புச் செலவை ஏற்கும். ஐந்தாவது ஆண்டும் அணியில் இருந்தால் கையில் ஆசிரியர் சான்றிதழ். பிறகு ஏதாவது ஓர் உயர்நிலைப் பள்ளியில் வகுப்பெடுத்துக்கொண்டு, மாலையில் கோச்சாக நிற்கலாம். சின்ன வயதிலிருந்தே அவன் வேறெதுவும் கேட்டதில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா நார்பர்ட் உருளைக்கிழங்கு மசியலைத் தட்டில் குவித்தபடியே கேட்டார். மேசை நாற்காலி செய்யும் ஆலையில் பசை ஒட்டும் பிரிவில் அவருக்கு வேலை. எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்கில் பசை இருக்கும்.

"அப்ப ரெண்டு வருஷம் முதல்ல இறங்குற ஸ்டார்ட்டர் நீதானா?"

"கோச் அப்படித்தான் சொன்னாரு."

"நல்ல ஏற்பாடு. வாயை மூடிக்கிட்டு உட்காரு. எவன் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காத."

கர்ட் உட்கார்ந்தான். பயிற்சியில் அவனுக்கு ஒரு விசித்திரமான வேலை. ஒவ்வொரு வாரமும் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரன் எவனோ அவனாக மாறி ஆடிக்காட்ட வேண்டும். அவன் எந்தப் பக்கம் திரும்புவான், எப்போது தோளை ஆட்டி ஏமாற்றுவான் என்று படம் போட்டுப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும்.

"டேய் சிவப்பு, இந்த வாரம் நீ யாருடா?" என்பான் லமான்ட் ப்ரூயிட். இண்டியானாபொலிஸ்காரன், அணியின் உயிர்.

"எவன்ஸ்வில்காரன். இடது கை."

"இடது கையா? வலது கையாலயே உனக்கு ஒண்ணும் வராதே, சோளக்காட்டுக்காரா!"

ஆட்ட நாட்களில் கர்ட் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் டையுமாக பெஞ்சின் கடைசியில் இருப்பான். அணி ஜெயித்தது, தோற்றது, பிறகு தொடர்ந்து தோற்றது. ஜனவரியில், லமான்டுக்கு அடுத்தபடியாகப் பந்தைத் தட்டி ஆட்டத்தை நடத்தும் இரண்டாவது கார்டுக்கு மணிக்கட்டு உடைந்தது. ஹேகனுக்கு வேலை போய்விடும் என்று முடிதிருத்தும் கடை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. ஒருநாள் அவர் கர்ட்டிடம், "நீயும் யூனிஃபார்ம் போட்டுக்கோ. சும்மாதான். பெஞ்ச் காலியாத் தெரியுது," என்றார். கோட்டைக் கழற்றிவிட்டுக் கர்ட் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டான். அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

பிப்ரவரி கடைசியில் சொந்த ஊரில் கடைசி ஆட்டம். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த செயின்ட் கீரன் கல்லூரியோடு. ஜெயித்தால் போட்டித்தொடருக்குப் போகலாம். தோற்றால் அத்தோடு சரி. அரங்கில் நிற்க இடமில்லை. ஒரு நிமிடம் மிச்சமிருந்தது, ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அப்போது லமான்டுக்கு ஐந்தாவது ஃபவுல், வெளியேறியே ஆக வேண்டும். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்து பெஞ்சில் விழுந்தான்.

ஹேகன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். உயரமான பையன்கள் இருவர் இருந்தார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை, கர்ட்டைத் தவிர.

மேலே, நாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஹேகன்! என் பையனை இறக்குய்யா!"

நார்பர்ட்தான். எழுந்து நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அந்த வரிசை, பிறகு எதிர்ப்பக்கம். கர்ட், கர்ட் என்று மரத்தரை அதிரும்படி காலால் உதைத்தார்கள். மளிகைக் கடையில் சட்டம் பேசுகிற அதே ஜனங்கள்.

ஹேகன் அவன் முன்னால் குந்தினார். "உன் இஷ்டம் தம்பி. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

லமான்ட் துண்டை விலக்கி, "வேணாம்டா," என்றான் மெதுவாக. "இவங்க நாளைக்கு மறந்துருவாங்க. உட்காரு."

கர்ட் மேலே பார்த்தான். அப்பா இரண்டு கையாலும் "போ, போ" என்று தள்ளுவதுபோல் காட்டினார். அவன் யூனிஃபார்முக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றினான்.

அந்த வாரம் முழுவதும் அவன்தான் செயின்ட் கீரனின் கார்டாக ஆடியிருந்தான். அந்தக் கார்ட் இடது தோளை ஆட்டிவிட்டு வலப்பக்கம்தான் வருவான் என்று அவன் உடம்புக்கே தெரியும். வந்தான். கர்ட் பந்தைத் தட்டிப் பறித்து, தனியாக ஓடி வளையத்தில் போட்டான். ஒரு புள்ளியில் ஜெயித்தோம். அவனைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய், பனியில் இறக்கிவிட்டார்கள்.

போட்டித்தொடரில் முதல் ஆட்டத்திலேயே அணி மண்ணைக் கவ்வியது. ஆனால் செயின்ட் கீரனை வீழ்த்திய கோச் என்று பெயர் வந்துவிட்டதால், ஏப்ரலில் ஹேகனை ஒஹாயோவில் ஒரு பெரிய கல்லூரி வேலைக்கு எடுத்துக்கொண்டது. போவதற்கு முன் கர்ட்டின் தோளில் தட்டி, "புது ஆள்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன்," என்றார்.

புது ஆள் நல்லவர்தான். ஒளிக்காமல் பேசினார். "அந்த ஆட்டத்தோட படம் பார்த்தேன். உனக்கு ரெண்டு வருஷம் இருந்தா உன்னை வச்சே அணியைக் கட்டியிருப்பேன். ஒரு வருஷம்தானே இருக்கு. வேற இடத்திலேர்ந்து ரெண்டு கார்டுங்க வர்றாங்க. நீ அவங்களுக்குக் கத்துக்கொடு."

வீட்டில் அதைச் சொன்னபோது நார்பர்ட் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"நீ முடியாதுன்னு சொல்லியிருக்கணும் கர்ட். ஹேகன் உன் இஷ்டம்னுதானே சொன்னான்?"

கர்ட்டுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை என்று தோன்றியது.

"நீங்கதானே அப்பா முதல்ல எழுந்து நின்னீங்க?"

"நான் பார்க்க வந்தவன். பார்க்க வந்தவன் கத்தத்தான் செய்வான். ஆடுறவனுக்கு அறிவு வேணாமா?"

அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கர்ட் கொட்டகைக்குப் போகவில்லை, பந்தையும் தேடவில்லை. தன் அறையில் உட்கார்ந்து, அப்பா சொன்னது சரிதானோ என்று யோசித்தான். சரிதான் என்றே பட்டது.

நான்காம் ஆண்டு முழுவதும், புதிதாக வந்த பையன்களுக்குச் செயின்ட் கீரன்காரனாகவும் எவன்ஸ்வில்காரனாகவும் ஆடிக்காட்டினான். ஆண்டு முடிந்ததும் கல்லூரி பணத்தை நிறுத்தியது. சான்றிதழுக்கு இன்னும் ஓர் ஆண்டு பாக்கி இருந்தது. ஒரு வருடம் வேலை செய்துவிட்டு முடித்துவிடலாம் என்று அப்பாவின் ஆலையிலேயே சேர்ந்தான். மெருகுப் பூச்சுப் பிரிவில் இடம் கிடைத்தது. அடுத்த வருடம் கல்யாணம். அதற்கடுத்த வருடம் குழந்தை.

இன்றும் இந்த ஊரில் யாரும் அவனை மறக்கவில்லை. லமான்ட் சொன்னது தவறு. பெட்ரோல் போடும்போதும், சர்ச் வாசலிலும், "செயின்ட் கீரன்கிட்ட பந்தைப் பறிச்சியே, அடடா!" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அவனும் சிரித்து வைப்பான். நார்பர்ட் ஆலையின் சாப்பாட்டு அறையில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவனுக்கும் அந்த ஆட்டத்தைச் சொல்வார். மகன் தட்டோடு உள்ளே வருவது தெரிந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். நிறுத்தமாட்டார்.