உத்திராபதி மாமாவின் உள்ளங்கால்

வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள எந்த நாட்டிலும் உத்திராபதி மாமாவின் கால்களைப் போல இரண்டு கால்கள் கிடையாது. அந்தக் காலைக் கண்டால் ஆணியே வளைந்துகொள்ளும். சித்திரை வெயில் ஓரமாக ஒதுங்கி நிற்கும்.

அம்மாவின் தம்பி. கடலூர் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை. கல்யாணம் இல்லை, செருப்பு இல்லை, பத்து வருஷமாகச் சர்க்கரை மட்டும் உண்டு.

ஆனால் அந்தக் காலுக்குக் கூச்சம் ஜாஸ்தி. நான் ஏழாவது படிக்கும்போது (எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது), மத்தியானம் ஏலக் கொட்டகையில் தூங்குகிறவரின் உள்ளங்காலில் இறால் மீசையால் ஒரு கோடு இழுப்பேன். துள்ளி எழுந்து, "மாப்ள, உன்ன!" என்று படகுத்துறை முழுக்கத் துரத்துவார். பிடித்தால் ஒரு குட்டு, பிறகு ஒரு கலர் சோடா. அதற்காகவே மெதுவாக ஓடிய நாட்கள் உண்டு.

பல வருஷம் கழித்து, போன தை மாதம் அதே கோட்டை இழுத்தேன். குறட்டை நிற்கவில்லை. நடிக்கிறார் என்று விரலிடுக்கில் ஐஸ் துண்டை வைத்தேன். அது கரைந்து ஓடியது, குறட்டை அப்படியே.

எழுப்பிச் சொன்னால், "ஐஸ்ல நிக்கிற காலு மரத்துதான்டா போவும். போயி வேலையப் பாரு" என்றார்.

ஆஸ்பத்திரி என்றால் வரமாட்டார். லால்பேட்டையில் கல்யாணப் பிரியாணி என்று பஸ் ஏற்றி, வழியில் சிதம்பரத்தில் இறக்கி, சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் பார்க்கும் முகாமுக்குள் தள்ளிவிட்டேன்.

நர்ஸ் சத்யப்பிரியா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். "நைலான் நரம்பு ஒண்ணு பாதத்துல படும். பட்டா சொல்லுங்க."

"ஆங்... ஆங்... ஆங்..." மாமா அசத்தினார். ஐஸ் கட்டியைக் கைமாற்றும்போது வாங்குகிறவர் 'ஆங்' என்றால்தான் கொடுக்கிறவர் விடுவார். அந்தத் தாளம் அவருக்கு மூச்சு மாதிரி. நர்ஸ் நரம்பை எடுத்துவிட்டார். மாமா மட்டும் "ஆங்... ஆங்..."

"ஐயா, நான் கைய எடுத்து ரொம்ப நேரமாச்சு."

மாமா கண்ணைத் திறந்து நரம்பைப் பார்த்தார், பிறகு காலை.

"நல்லவேளை, இன்னும் புண்ணு வரல" என்றார் நர்ஸ். "உங்களுக்குக் கண்ணாடி குத்தினாக்கூட தெரியாது. சீழ் புடிச்சா காலையே எடுக்கவேண்டி வரும். செருப்பில்லாம நடக்காதீங்க. அடிப்பாதம், விரலிடுக்கு எல்லாம் தினமும் யாராச்சும் பாக்கணும்."

"நான் தனிக்கட்டைம்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

நான் சுவரில் இருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மத்தியானம் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கியதும், போனில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். நேற்று வலது கால் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மீன் செதிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா பண்ற?" ஒரு கண் திறந்திருந்தது.

"சும்மா, கிச்சுகிச்சு மூட்டுறேன் மாமா."

"ஒரு வாரமாவா? காலுக்குத்தான்டா மாப்ள தெரியல, கண்ணு நல்லாத் தெரியுது." இடது காலை என் மடிமேல் தூக்கிப் போட்டார். "இதையும் பாரு."