மூன்றாவது இழுப்பு

கீழே எழுதியிருப்பதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும், தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே நான் கார்டாக வேலை பார்த்த மின்சார ரயில்கள் அத்தனையும் வரிசையாக வந்து என் மேல் ஏறட்டும். சத்தியம். பைபிள் மேல் வலது கையை வைத்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு இதுதான் காரணம்.

பேய் என்றால் ராத்திரி என்று நினைக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது பட்டப்பகல். ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடித்து, இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டுப் போனபோது நடந்தது.

எனக்கு ஒரே மகள், ஜீவிதா. அவள் கணவன் ஆல்வின். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். மருமகன் தங்கமான பையன். ஒரே குறை, வாய் ஓயாது. "மாமா, மாமா, மாமா" என்று ஆரம்பித்தால் நாம் காபி குடித்து டம்ளர் கழுவி வைக்கிற வரைக்கும் விஷயத்துக்கு வரமாட்டான்.

கோவளத்தில் கடலுக்கு அடியில் போகக் கற்றுக்கொண்டதில் இருந்து அவனுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. முதுகில் சிலிண்டர், வாயில் குழாய், காலில் வாத்துச் செருப்பு. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து மெக்சிகோ படத்தைக் காட்டினான்.

"மாமா, மாமா, மாமா, இதைப் பாருங்க. சினோட்டேன்னு பேரு. தரை அப்படியே உள்வாங்கிக்கினு, அடியில குகை குகையா போவுது. எல்லாம் நல்ல தண்ணி. மே மாசம் நானும் என் ஆபீஸ் ஃபிரண்டு சூர்யாவும் போறோம். லீவு சொல்லியாச்சு."

"நம்ம ஊர்ல இதுக்குப் பாழுங்கிணறுன்னு பேரு. விசா வேணாம்" என்றேன்.

"கிண்டல் பண்ணாதீங்க மாமா. அதுக்கு முன்னாடி பழகணும். கடல்ல மிதக்கிற அளவுக்கு நல்ல தண்ணியில மிதக்க மாட்டோம். இடுப்புல எவ்ளோ ஈயம் கட்டணும்னு பாத்து வைக்கணும். குகைக்குள்ள கயிறு புடிச்சிகினு போய் வரணும். அதுக்கு ஆழமான நல்ல தண்ணி இங்க எங்க கீது?"

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "கல்குவாரி இருக்கே" என்றேன்.

ஜீவிதா சாம்பார் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "ஏம்பா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

வாய் என்னுடையது. அதனால் கயிறும் என் கைக்கு வந்தது. 'அப்பா கரையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டால்தான் போகலாம்' என்று மகள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். கிளம்புகிற அன்று கேட் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்கப்பா."

அவ்வளவுதான் கேட்டாள்.

எந்தக் குவாரி என்று நான் எழுத மாட்டேன். பக்கத்தில் பிளாட் போட்டிருக்கிறவர்கள் என்னை உயிரோடு விடமாட்டார்கள். மூன்று பக்கம் செங்குத்தாக வெட்டிய பாறை. நாலாவது பக்கம் பழைய லாரிப் பாதை சரிந்து தண்ணீருக்குள் இறங்கும். கல் எடுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. தண்ணீர் பாட்டில் கண்ணாடி மாதிரி பச்சையாக நின்றது. எதிர்ப் பாறையின் அடியில் தண்ணீரோடு ஒட்டி ஒரு இருட்டுப் பிளவு. அதுதான் மெக்சிகோ என்றான் ஆல்வின்.

நைலான் கயிற்றின் ஒரு முனையை அவன் இடுப்பு பெல்ட்டில் மாட்டினார்கள். அறுபது மீட்டர் கயிறு. சூர்யா எனக்குப் பாடம் எடுத்தான்.

"அங்கிள், ஒரு தடவை இழுத்தா ஓகே. ரெண்டு தடவை இழுத்தா கயிறு விடணும். மூணுன்னா..."

"மூணுன்னா தூக்கணும். ஒண்ணு, ரெண்டுக்கு நான் அசைய மாட்டேன்" என்றேன்.

ஆல்வினுக்கு விஷயம் தெரியும். சிரித்தான். எங்கள் வீட்டு வழக்கம் அது. வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் முதல் தரத்துக்கு ஏன் என்று கேட்க மாட்டோம். இரண்டாம் தரத்துக்கும் கேட்க மாட்டோம். மூன்றாவது தரம் கூப்பிட்டால் மனிதர். மற்றதுக்கு இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட வராது. இதனால் கூரியர்காரர்கள் பலர் திரும்பிப் போயிருக்கிறார்கள். போகட்டும். பார்சலை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

"சரி மாமா, மூணு. ஆனா ஒண்ணு. நான் இழுக்காம நீங்களா இழுத்துறாதீங்க. பாறைக்கு அடியில இருப்பேன். மண்டை மோதி வாயில இருக்கிற குழாய் கழண்டுச்சுன்னா... உங்க பொண்ணுக்கு வேற மாப்ள பாக்கணும்."

"போடா" என்றேன்.

பதினொன்று இருபதுக்கு இரண்டு பேரும் இறங்கினார்கள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சூர்யா மட்டும் மேலே வந்தான். மூக்கில் ரத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"காது அடைச்சிக்கிச்சு அங்கிள். தாங்க முடியல. நீ போ, நான் பாத்துட்டு வரேன்னு ஆல்வின் கை காட்டிட்டாரு."

"கீழே எப்படி இருக்கு?"

"தரையே தெரியல அங்கிள்."

கயிறு என் கை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. நீந்துகிறவன் கயிற்றை வெட்டி வெட்டி இழுப்பான். இது அப்படி இல்லை. சீராகப் போனது. யாரோ அவசரமில்லாமல் நடந்து போகிற மாதிரி.

சிலிண்டரில் காற்று நாற்பது நிமிஷத்துக்கு வரும் என்றான் சூர்யா. நான் வாட்சைப் பார்த்தேன். பிறகு கொப்புளங்களைப் பார்த்தேன். அவன் விடுகிற மூச்சு பிளவுக்குப் பக்கத்தில் பொங்கிப் பொங்கி வந்தது. உயிரோடிருக்கிறான். நல்லது.

அப்போதுதான் இடது பக்கமும் பார்த்தேன்.

அங்கேயும் கொப்புளம்.

"சூர்யா, உள்ளே எத்தனை பேர்?"

"ஆல்வின் மட்டும்தான் அங்கிள்."

"அப்ப அது யாரு?"

அவன் பார்த்தான். "கேஸ் எதாச்சும் வரும் அங்கிள். அடியில சேறு..." என்று இழுத்தான். சேறு ஆள் மாதிரி மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. விட்டு, நிறுத்தி, மறுபடி விட்டு...

சுற்றிலும் வேப்பமரங்கள். ஒரு காக்கை இல்லை.

பதினொன்று ஐம்பது. கயிறு நின்றது.

ஒரு இழுப்பு.

நான் அசையவில்லை.

கொஞ்சம் கழித்து, ஒன்று... இரண்டு.

அவ்வளவுதான். சட்டை நுனியைப் பிடித்துக் குழந்தை இழுக்கிற மாதிரி, மெதுவாக.

"அங்கிள், ரெண்டு வந்துச்சு."

"மூணு வரட்டும்."

ஒன்று... இரண்டு. மறுபடி நின்றது.

"அங்கிள், அவரால மூணாவது இழுக்க முடியலன்னா?"

இழுத்தால் மண்டை மோதும். இழுக்காவிட்டால் மூச்சு முட்டும். அந்த முனையில் இருப்பது அவன் இல்லை என்றால் இரண்டுமே தப்பு. எனக்கு நீச்சல் தெரியாது. சூர்யா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஓடினான். தலையைத் தண்ணீருக்குள் விட்டதுமே காதைப் பிடித்துக்கொண்டு கத்தினான். திரும்பி வந்து பாறைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஜீவிதா.

"அப்பா, ஆச்சா?"

"ஆச்சும்மா."

"அவரு எங்க?"

"துணி மாத்துறாரு."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"வெயில்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பேசிக்கொண்டிருந்தபோதே கயிறு இழுத்தது. ஒன்று... இரண்டு.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பக்கம் கொப்புளம் நின்றது.

எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். கண்ணில் வியர்வை. வழித்துவிட்டுப் பார்த்தபோது ஒன்றுதான் இருந்தது. அது இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

பிறகு அதுவும் நின்றது.

தண்ணீர் தட்டு மாதிரி ஆகிவிட்டது.

"சூர்யா, எழுந்து வா. இழு."

இழுத்தோம். கனம். இரண்டு பேர் கனம். பாறையில் சிக்கியிருந்தால் அசையாது. இது அசைந்தது. ஒவ்வொரு முழமாக வந்தது. கை கிழிந்தது. ஒரு கட்டத்தில் மூச்சு வாங்க நிறுத்தினோம்.

கயிறு இழுத்தது.

ஒன்று...

இரண்டு...

தோளில் ஒரு கை விழுந்தது.

"மாமா."

நான் திரும்பவில்லை.

"மாமா."

சூர்யா திரும்பினான். அவன் முகத்தைப் பார்த்து நானும் திரும்பினேன்.

ஆல்வின் நின்றான்.

மாஸ்க்கை நெற்றியில் ஏற்றியிருந்தான். பெல்ட்டில் கயிறு இல்லை. "யாரை இழுக்கிறீங்க?" என்று கேட்டான்.

கயிறு இன்னும் எங்கள் கையில் கனத்தது.

அப்போது...

மூன்றாவது இழுப்பு வந்தது.

விட்டுவிட்டோம்.

கயிறு பாம்பு மாதிரி சரசரவென்று தண்ணீருக்குள் ஓடியது. கரையில் சுருட்டி வைத்திருந்ததும் போனது. கடைசி முனை பாறையில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனது.

சளக்.

அப்புறம் சத்தமே இல்லை.

கயிறு சிக்கியதாம். கழற்றிவிட்டானாம். இடது பக்கப் பாறையில் ஏறி, சுற்றி நடந்து வந்தானாம். ஆல்வின் சொன்னது இவ்வளவுதான். நம்பினேன். ஆனந்தத்தில் அவனைக் கட்டிக்கூடப் பிடித்துக்கொண்டேன். என் தோளில் அவன் கை பட்ட இடத்தில் சட்டை நனையவில்லை. வெயிலில் நடந்து வந்தவன், காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீவிதா கேட்டிலேயே நின்றிருந்தாள். "ரொம்ப தேங்க்ஸ்பா" என்றாள்.

சாயங்காலம் சாய்வு நாற்காலியில் படுத்தபோதுதான் கணக்கு உறைத்தது.

கயிறு மூன்று தரம் இழுத்தது.

மருமகன் இரண்டு தரம்தான் கூப்பிட்டான்.

அன்றிலிருந்து கவனிக்கிறேன். காபி வேண்டும் என்றால் "மாமா, மாமா." சாவி எங்கே என்றால் "ஜீவி, ஜீவி." நிறுத்திவிடுவான். பழைய வாயாடி இல்லை. ஒரு நாள் வேண்டுமென்றே காது கேட்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "மாமா, மாமா" என்றான். நான் நிமிரவில்லை. மூன்றாவது வரட்டும் என்று காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்தால், என் முகத்துக்கு நேரே குனிந்து நின்றுகொண்டிருந்தான். சிரித்தபடி.

மகளிடம் சொன்னேன். "உங்களுக்கு எல்லாத்துலயும் கதைதான்பா. அவரு இப்பதான் அமைதியா இருக்காரு. எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். சூர்யா பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். போன் எடுப்பதில்லை.

மெக்சிகோ திட்டம் நிற்கவில்லை. சூர்யாவுக்குப் பதில் ஜீவிதா போகிறாள். அவளுக்கும் ஒரு சிலிண்டர் வந்திறங்கியது. கயிற்றை யார் பிடிப்பார்கள் என்று கேட்டேன். "கயிறு வேணாம் மாமா" என்றான் ஆல்வின்.

என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மருமகன் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் குவாரியில் கிடக்கிறான் என்று போலீசில் எப்படி எழுதிக் கொடுப்பது? உடம்பு ஒன்று வேண்டும். அதைக் காட்டித்தான் மகளை நிறுத்த முடியும்.

ஏப்ரல் கடைசியில் தண்ணீர் லாரிக்காரர்கள் குவாரியில் மோட்டார் போட்டு இறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜெயவேலு என்று ஒரு லாரி டிரைவர். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா பெருசு, காலைலேர்ந்து குந்திகினு கீறே. பொணமா தேடுறே?"

"ஆமாம்" என்றேன்.

அவன் பீடியைக் கீழே போட்டுவிட்டு லாரியில் ஏறிக்கொண்டான்.

மறுநாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "இவ்ளோதானா பெருசு? இதைப் போய் ஆழம் ஆழம்னானுங்க. லாரிக்கு டீசல் காசு தேறல" என்று ஜெயவேலு திட்டிக்கொண்டிருந்தான்.

லாரிப் பாதை வழியாக உள்ளே இறங்கி நடந்தேன். எதிர்ப் பாறை வரைக்கும் நடந்தேன். பிளவுக்குள் கை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும்தான் போனது. அந்தப் பக்கம் கல். உடம்பு இல்லை. கயிறு இல்லை. ஒரு ரப்பர் செருப்பும் இரண்டு பாட்டிலும் கிடந்தன.

மழைக்காலத்தில் தண்ணீர் நின்ற உயரத்துக்குப் பாறையைச் சுற்றி வெள்ளையாகக் கறை படிந்திருந்தது. குவாரியிலேயே மிகவும் பள்ளமான இடத்தில் போய் நின்று பார்த்தேன்.

கறை என் இடுப்புக்குக் கீழே இருந்தது.