மணவறையும் வலப்பக்கச் சக்கரமும்

1. புகை

என் பக்கக் கண்ணாடியில் புகை தெரிந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். மடியில் பாணும் சம்பலும் இருந்தன. நாங்கள் பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் போகும் நாஷனல் ரோட்டில், வித்ரி என்ற சின்ன ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தோம்.

"இஞ்சேருங்கோ, ஓரமா நிப்பாட்டுங்கோ."

"ஏன், சம்பல் உறைச்சிட்டுதோ?" என்றார் என் கணவர் சிவராசா.

"பகிடியை விடுங்கோ. ட்ரெயிலர் புகையுது."

அவர் நிறுத்தினார். இரண்டு பேரும் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். ட்ரெயிலரின் வலப்பக்கச் சக்கரம் உள்பக்கமாகச் சரிந்து நின்றது. கருகிய எண்ணெய் மணம். இன்னும் ஒரு கிலோமீற்றர் ஓடியிருந்தால் சக்கரம் தனியாகவும் நாங்கள் தனியாகவும் போயிருப்போம்.

இது 2012இல் நடந்தது. அப்போது நாங்கள் கலியாணங்களுக்கு மணவறை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு புடவைக் கடையில் எங்கள் அல்பம் இருக்கும். கூறைச் சேலை எடுக்க வருபவர்கள் அதையும் புரட்டிப் பார்த்து, "இந்த மயில் போட்டது வேணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். திரான்சியில் நாங்கள் இருந்த வீட்டை அதன் உரிமையாளர் விற்றுவிட்டதால், முந்தைய ஆண்டிலிருந்து ஒரு பழைய கம்பிங்-காரில், அதாவது கட்டிலும் குசினியும் உள்ள வண்டியில்தான், குடியிருந்தோம். ஓல்னேயில் தெரிந்தவரின் கிடங்குக்குப் பின்னால் அதை நிறுத்தியிருப்போம். வார இறுதியில் மணவறை ட்ரெயிலரைப் பின்னால் கொழுவிக்கொண்டு வீட்டோடு கலியாணத்துக்குப் போவோம். பார்க்கிறவர்கள் பாவம் என்பார்கள். எனக்கு அப்படி ஒரு நினைப்பும் இருந்ததில்லை. கலியாண வீட்டில் வேலை முடிந்து பத்து அடி நடந்தால் என் வீடு. அந்தக் கொடுப்பினை ஆருக்கு இருக்கிறது?

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த நாள் காலை பத்து மணி முகூர்த்தம். பெண்ணின் தகப்பன் குணம் அண்ணை ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு சாலை, அதாவது மண்டபத்தை, எடுத்திருந்தார். அந்தச் சாலின் காவலாளி வெள்ளி மாலை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார். காலையில் எட்டு மணிக்குத்தான் திரும்பத் திறப்பார். மணவறையை ஒழுங்காகப் போட நான்கு மணித்தியாலம் வேண்டும். ஆகவே வெள்ளி மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்தப் பிள்ளை வெறும் மேடையில்தான் உட்கார வேண்டும்.

நான் போன் எடுத்துச் சொன்னேன். குணம் அண்ணை கத்திய கத்தலில், பக்கத்தில் போன கமியோன் லொறியின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"தங்கச்சி, எனக்கு ஒண்டும் தெரியாது! இருக்கிறது ஒரு பிள்ளை. நாளைக்கு மணவறை இல்லையெண்டா நான் சனத்துக்கு முன்னாலை எப்பிடி நிக்கிறது?"

"வருவம் அண்ணை," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

2. மெக்கானிக் சொன்னதும் நான் சொன்னதும்

பழுதான வண்டிகளை ஏற்றும் தெப்பனேஜ் வண்டி ட்ரெயிலரைத் தூக்கிக்கொண்டு வித்ரிக்குப் போனது. நாங்கள் பின்னால் போனோம். கராஜ் மெக்கானிக் அறுபது வயதுக்காரர். அதிகம் பேசாதவர். சக்கரத்தைக் கழற்றினார். நடுவிலிருந்த சின்ன இரும்பு மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன.

"இது என்ன பெயின்ற், மதாம்?"

"எங்கள் பூசை," என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் மூடிக்கு உள்ளே விரலை விட்டார். கிறீஸ் கறுப்பாகவோ மஞ்சளாகவோ இல்லை. பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. பேரிங் முழுக்கத் துரு.

"து லோ," என்றார். தண்ணீர். "யாரோ பிரஷர் தண்ணீரால் நேரே நடுவில் அடித்திருக்கிறார்கள். ரப்பர் சீல் வளையத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டது. பிறகு சில கிழமை ஓடாமல் நின்றிருக்கிறது. அதுதான் துரு."

அந்த யாரோ நான்தான்.

மூன்று கிழமைக்கு முதல் ஆயுத பூசை. சிவராசா எதற்கும் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும் என்பவர். நான்தான் அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கழுவும் நிலையத்துப் பிரஷர் குழாயைப் பிடித்து ட்ரெயிலரைக் குளிப்பாட்டினேன். வலப்பக்கச் சக்கரத்தின் நடுவில் சேறு இறுகிப்போயிருந்தது. பொட்டு வைக்கிற இடம் ஊத்தையாக இருக்கலாமா? விரலளவு தூரத்தில் குழாயைப் பிடித்து, சேறு போகும்வரை அடித்தேன். அதன் மேல் வடிவாகச் சந்தனம் வைத்தேன்.

"என்னவாம்?" என்றார் சிவராசா. எங்கள் வீட்டில் பிரெஞ்சு என் வேலை. பிரிபெக்சர் அலுவலகம், வங்கி, டொக்டர், எல்லா இடத்திலும் நான்தான் வாய். அவர் லா ஷப்பலைச் சுற்றியுள்ள ரெஸ்ரோறன்ற் குசினிகளில் இருபது வருடம் நின்றவர். கையால் செய்வார், வாயால் செய்யமாட்டார்.

"பழசாப் போச்சாம்," என்றேன். "வயசு போனா இப்பிடித்தான் போகுமாம்."

எப்படி அந்தப் பொய் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது. அவர் என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

பேரிங் திங்கட்கிழமைதான் வரும் என்றார் மெக்கானிக். அந்த ஊரில் வாடகை வான் ஒன்றுதான், அதுவும் வெளியே போயிருந்தது. லா ஷப்பல் மரக்கறிக்கடைக்காரரைக் கேட்டேன். கடை பூட்டின பிறகுதான் வான் தர ஏலும் என்றார்.

அந்த நேரம் குணம் அண்ணை திரும்ப எடுத்தார். சிவராசா போனை என்னிடமிருந்து வாங்கினார்.

"அண்ணை, பிழை என்ரை. வண்டியை நான் சரியாப் பார்க்கேல்லை. ஆனா மணவறை வரும். என்னை நம்புங்கோ."

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

3. வீட்டை இறக்கினோம்

சிவராசா கம்பிங்-காரையும் ட்ரெயிலரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டை இறக்குவம்," என்றார்.

"எங்கை?"

"ட்ரெயிலருக்குள்ளை. மணவறையை வீட்டுக்குள்ளை ஏத்துவம்."

முதலில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து விட்டோம். அதுவே நூறு கிலோ. பிறகு மெத்தை, மேசை, காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, கிரைண்டர், உடுப்பு, பானை சட்டி எல்லாவற்றையும் கராஜ் முற்றத்தில் இறக்கினோம். ஒரு மணித்தியாலத்தில் என் குடும்பம் முழுக்க வெயிலில் நின்றது. கராஜுக்கு வந்த ஒரு மனிசி, எல்லாம் விற்பனைக்கா என்று கேட்டாள். மெக்கானிக் முதன்முறையாகச் சிரித்தார்.

அம்மியைக் குளியலறைக்குள் வைத்தோம். குத்துவிளக்குகளைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் துணி சுற்றி நிறுத்தினோம். நிறைகுடம் சிங்குக்குள். மேல்விதானம் நான்காக மடங்கும், அது சாரதிக்கு மேலுள்ள பரணில் போய்விட்டது. நான்கு கால்கள்தான் வில்லங்கம். எட்டு அடி நீளம். கூரையில் கட்டவும் வழியில்லை. பின்பக்கம் கட்டில் மறித்துக்கொண்டு நின்றது.

அந்தக் கட்டிலை அவர் முந்தைய குளிர்காலம் முழுக்க இருந்து செய்தவர். எனக்கு நாரி நோ, அதாவது இடுப்பு வலி, என்பதால் உயரம் அளந்து, ஏறி இறங்க ஒரு படியும் வைத்து, ஆணி தெரியாமல் பசை போட்டு ஒட்டியது. கழற்ற முடியாது.

அவர் மெக்கானிக்கிடம் கையால் சாடை காட்டி மரம் அறுக்கும் வாளை வாங்கினார்.

"வேண்டாம்," என்றேன்.

"வேறை வழி இருந்தாச் சொல்லும்."

இருக்கவில்லை. அவர் அறுக்க, நான் பலகையைப் பிடித்தேன். மரத்தூள் என் சேலையெல்லாம் கொட்டியது. அவர் முகத்தில் கோபமில்லை, அவசரமும் இல்லை. எனக்குத்தான், ஒரு பொட்டு வைக்க ஆசைப்பட்டு மனிசனின் கட்டிலை அறுக்கவைத்தேனே என்று இருந்தது. ஆனால் மணி ஒன்றரை. அழுவதற்கு நேரமில்லை.

கால்கள் நான்கும் போயின. மணவறைக்குப் பின்னால் நிற்கும் மயில் தட்டி மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் கதவால் நுழையவில்லை. அதை எங்கள் மெத்தையோடு ட்ரெயிலரில் விட்டு, தறப்பாள் கட்டிவிட்டு, இரண்டு மணிக்குக் கிளம்பினோம்.

4. மயில் எங்கை?

ஆறே முக்காலுக்குச் சால் வாசலில் நின்றோம். குணம் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிலேயே காத்திருந்தார். கம்பிங்-கார்க் கதவைத் திறந்ததும் உள்ளே மணவறைக் காலும் அறுத்த கட்டிலும் தெரிந்தன. அவர் திட்டுவதற்கு எடுத்த மூச்சை அப்படியே விட்டார்.

"இதென்ன, உங்கடை வீடோ?"

"ஓம் அண்ணை. பிடியுங்கோ," என்று ஒரு காலின் நுனியை அவர் கையில் கொடுத்தேன்.

அவரும் அவருடைய தம்பிமார் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். ஒன்றேகால் மணித்தியாலத்தில் நான்கு காலும் நிமிர்ந்து, விதானமும் ஏறிவிட்டது. காவலாளி திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு நின்றார். அவர் பூட்ட வந்தபோதும் எங்கள் கை மேல்கலசத்தில் இருந்தது.

காலையில் எட்டு மணிக்கு மிச்ச வேலை. பின்னால் மயில் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகச் சுவர் தெரிந்தது. உடுப்புப் பெட்டியிலிருந்து என் பட்டுச் சேலைகள் ஆறை மட்டும் முதல்நாள் எடுத்து வந்திருந்தேன். அவற்றைக் கொசுவி, கரை வெளியே தெரிய, மேலிருந்து கீழே தொங்கவிட்டேன். நடுவில் என் கூறை.

குணம் அண்ணை வந்து பார்த்தார்.

"படத்திலை மயில் இருந்ததே. மயில் எங்கை?"

"மயில் வித்ரியிலை நிக்குது அண்ணை. திங்கட்கிழமைதான் வரும்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து ஏலாமல் போனார். பத்து மணிக்குத் தாலி ஏறியது. பெண் அம்மி மிதித்தபோது, அந்த அம்மி வந்த இடத்தை நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

5. திங்கட்கிழமை

திங்கட்கிழமை வித்ரிக்குத் திரும்பினோம். புது பேரிங் போட்டாகிவிட்டது. மெக்கானிக் பழைய மூடியைக் கழுவாமல், பொட்டோடு என் கையில் தந்தார். தூக்கி எறியலாமா என்று தெரியவில்லையாம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே சிவராசாவிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, அது பழசாப் போய் உடையேல்லை. நான்தான் தண்ணி அடிச்சனான். அவர் அண்டைக்கே சொன்னவர். நான் மாத்திச் சொல்லிப்போட்டன்."

அவர் கிரைண்டரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"தெரியும்."

"எப்பிடி?"

"இருபது வருஷம் குசினியிலை கோப்பை கழுவினவன் நான். 'து லோ' எண்டா என்னெண்டு எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் குணம் அண்ணையிட்டை உங்கடை பிழை எண்டு சொன்னீங்கள்?"

"ட்ரெயிலர் என்ரை பொறுப்புத்தானே. அங்கை வைச்சு உம்மட்டைக் கேட்டிருந்தா நீர் அழுதுகொண்டு நிண்டிருப்பீர். பிறகு மணவறைக் காலை ஆர் தூக்குறது?"

அப்போது அழுதேன். திங்கட்கிழமை, அவசர வேலை ஒன்றும் இல்லை. வடிவாக அழுதேன்.

இப்போது இந்தத் தொழிலை விட்டுவிட்டோம். புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கிறபடியால் எழுதுகிறேன். ட்ரெயிலர்ச் சக்கரத்தின் நடுவில் ஒருநாளும் பிரஷர் தண்ணீர் அடிக்காதீர்கள். வாளியும் துணியும் போதும். வருடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து கிறீஸைப் பாருங்கள். பால் நிறமென்றால் பயணத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இரண்டு சக்கரத்தின் நடுவுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மற்றதைவிடச் சுட்டால் அங்கேயே நில்லுங்கள். எட்டடிக் கால் நுழையுமா என்று வீட்டிலிருக்கும்போதே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சிவராசா திரும்பவும் கட்டில் செய்தபோது பசை போடவில்லை. நான்கு திருகாணி மட்டும் போட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஆயுத பூசைகளில் நான் பொட்டை மட்கார்டில் வைத்தேன். இன்னொன்றையும் மாற்றிக்கொண்டேன். டொக்டரோ மெக்கானிக்கோ பிரிபெக்சர் மனிசியோ, யார் என்ன சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, அதை அப்படியே சிவராசாவுக்குச் சொல்கிறேன். பக்கத்தில் பேசாமல் நிற்கிறவருக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்து நான் மாற்றிச் சொன்ன கடைசிச் சொல் அந்தக் கராஜில் சொன்னதுதான்.