மெட்ரோ வந்த பிறகும்

ராவியாவை நான் முதலில் பார்த்தது எங்கள் பல்கலைக்கழகப் பேருந்தில். கெய்ரோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம் அது. பொருளாதார முதுகலை வகுப்பில் பாதிப் பேர் சொந்தக் காரில் வருவார்கள். நானும் அவரும் நகர மையத்தில், தஹ்ரீர் சதுக்கத்தில் பேருந்து ஏறுகிறவர்கள். அரசுப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்தவர், உதவித்தொகை கிடைத்ததும் நீண்ட விடுப்பில் படிக்க வந்திருந்தார். வகுப்பிலேயே மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அக்கா.

அவர் வீடு நைலின் மேற்குக் கரையில், இம்பாபாவில். கணவர் மஹ்ரூஸ் ஏசி மெக்கானிக். மகள் ஷஹ்த் இரண்டாம் வகுப்பு. ராவியா படிப்பது என்ன என்று தெருவில் யாருக்கும் பிடிபடவில்லை. பொருளாதாரம் என்று சொன்னால், வெங்காய விலை எப்போது இறங்கும் என்று கேட்பார்கள். மஹ்ரூஸே முந்திக்கொண்டு பதில் சொல்வார்:

"அவ இப்பத்தானே முதல் வருஷம். விலை இறக்குறதெல்லாம் ரெண்டாம் வருஷப் பாடம்."

ஆய்வுக்கு ராவியா எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரு பகுதிக்கு மெட்ரோ ரயில் வந்தால் அங்கே வேலைக்குப் போகும் பெண்கள் கூடுகிறார்களா? கூடுவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. என் பகுதிக்கு மெட்ரோ வந்திராவிட்டால் இந்தப் படிப்பையே நினைத்துப் பார்த்திருக்க மாட்டேன் என்பார். ரயில் வந்த பகுதிகளையும் வராத பகுதிகளையும் குடும்பக் கணக்கெடுப்பிலிருந்து பிரித்தெடுத்து, ஒரு குளிர்காலம் முழுவதும் கணினி முன் உட்கார்ந்தார்.

விடை வந்தது. வித்தியாசம் எதுவும் இல்லை. ரயில் வந்த இடத்திலும் வராத இடத்திலும் பெண்கள் ஒரே மாதிரிதான் இருந்தார்கள்.

அவருடைய வழிகாட்டி டாக்டர் நாஸிக் கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். தாள்களைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"ஒண்ணும் நடக்கலைங்கறதும் ஒரு விடைதான் ராவியா. தேர்ச்சி கிடைச்சிடும். ஆனா இதை வச்சுக்கிட்டு வெளிநாட்டுல பிஎச்டிக்கு இடம் கேட்கறது கஷ்டம். இன்னொரு தலைப்பு எடுக்க இப்பவும் நேரம் இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று ராவியா எழுந்து வந்தார். யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. அந்த வாரமே மேல்வீட்டு அம்மாள் உம் வஜ்தி, அலெக்ஸாண்டிரியாவில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். மதியம் பள்ளி விட்டதும் ஷஹ்தை அழைத்து வந்து, சோறு போட்டு, ராவியா திரும்பும்வரை பார்த்துக்கொண்டவர் அவர்தான். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லை. ராவியா வகுப்புக்கு வருவது நின்றது.

பாடக்குறிப்புகளைக் கொடுக்க நான் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் முலூக்கியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மேம்பாலத்தில் ரயில் போகும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. அவர் கை நின்றது. நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் காதில் விழவில்லை.

"வண்டி ஓடுது. டிக்கெட்டுக்குக் காசு இருக்கு. நான் வீட்டுலதானே இருக்கேன்?" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "கணக்கெடுப்புல பக்கத்து வீட்டைப் பத்திக் கேள்வி இல்ல. ஆனா வீட்டுல இன்னொரு பெரிய பொம்பள இருக்காளான்னு தெரியும்" என்றார்.

அன்றே குடும்பங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மாமியாரோ, நாத்தனாரோ, அம்மாவோ உடன் இருக்கும் வீடுகளில், மெட்ரோ வந்த பிறகு வேலைக்குப் போன பெண்கள் கூடியிருந்தார்கள். தனியாகப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு ரயில் வந்தும் ஒன்றுதான், வராமலும் ஒன்றுதான்.

ராவியா மறுபடி வகுப்புக்கு வருவதற்காக மஹ்ரூஸ் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். மதியம் மகளோடு வீட்டில் இருந்துவிட்டு, ராவியா வந்ததும் பழுது பார்க்கக் கிளம்புவார். வருமானம் குறைந்தது. காப்பிக்கடையில் கேலியும் கிளம்பியது.

"என்ன மஹ்ரூஸ், சோறு வெந்துச்சா?" என்றான் ஒருவன்.

"வெந்துச்சு. உப்புப் பார்க்க ஆள் தேடிக்கிட்டிருக்கேன், வர்றியா?" என்றார் மஹ்ரூஸ். அதன்பிறகு கேலி குறைந்தது.

டாக்டர் நாஸிக் புது விடையைப் பார்த்து மகிழ்ந்தார், கூடவே எச்சரித்தார். முதல் கணக்கு தோற்ற பிறகு இப்படியும் அப்படியும் வெட்டிப் பார்த்தால், ஏதாவது ஒரு துண்டில் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். தேர்வாளர்கள் அதைத்தான் கேட்பார்கள் என்றார். ராவியா மறைக்கவில்லை. முதலில் நினைத்தது பொய்த்தது, இதைப் பிறகுதான் தேடினேன், வேறு தரவில் சோதிக்கும்வரை இது ஓர் ஊகம் மட்டுமே என்று ஆய்வேட்டின் தொடக்கத்திலேயே எழுதினார். பிஎச்டிக்கு இடம் கேட்கிறவர்கள் யாரும் அப்படி எழுத மாட்டார்கள் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார். "உங்க ஆய்வை நீங்களே இப்படிக் குறைச்சுச் சொல்லலாமா?"

"நடந்ததைத்தான் சார் எழுதியிருக்கேன்" என்றார் ராவியா. "கடைசியில கிடைச்சதை மட்டும் எழுதினா, ஆரம்பத்துலேயே எனக்கு இது தெரியும்னு ஆயிடும். தெரியாது."

சுமாரான மதிப்பெண்ணோடு தேறினார். வெளிநாட்டு இடம் கிடைக்கவில்லை. கடிதம் வந்த நாளில் ஷஹ்த் தூங்கிய பிறகு கொஞ்சம் அழுததாகப் பின்னால் ஒருமுறை சொன்னார்.

அலுவலகத்துக்குத் திரும்பினார். சனிக்கிழமைகளில் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே புதிய மாணவர்களுக்குப் புள்ளியியல் பயிற்சி வகுப்பு எடுக்கிறார். அடுத்த கணக்கெடுப்பில், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்வியைச் சேர்க்கச் சொல்லி மேலதிகாரிகளிடம் அலைந்து, சேர்க்கவும் வைத்துவிட்டார். அந்தத் தரவு கைக்கு வந்ததும் தன் ஊகத்தை மறுபடி சோதித்தார். ஊகம் பொய்க்கவில்லை, ஆனால் விளைவு அவர் நினைத்த அளவில் பாதிதான் தேறியது. அந்தப் பாதியைப் பற்றித் தொலைபேசியில் வெகுநேரம் பேசினார். குரலில் ஏமாற்றமே இல்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.