ஷம்ஷாத் அக்கா தரையில் வைத்த தீனி

ஷம்ஷாத் அக்கா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி, குத்தம்பாக்கம் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து, ஆறு வருடமாகச் சுண்டெலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். நான் அங்கே எலும்புப் புற்றுநோய்க்கு ஒரு மரபணு ஊசியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கட்டி வளரப் புது ரத்தக் குழாய்கள் வேண்டும்; அவற்றை முளைக்க விடாமல் தடுப்பதுதான் ஊசியின் வேலை. காலில் கட்டி வந்த இருபத்துநான்கு எலிகளில் பாதிக்கு அந்த ஊசி, மீதிக்கு மரபணு இல்லாத வெற்று ஊசி. எதற்கு எது என்ற பட்டியல், எங்கள் தலைவர் விக்ரம் சாரின் பீரோவில், ஒட்டிய உறைக்குள் இருந்தது.

எல்லா எலிக்கும் ஒரே மாதிரி தீனி என்பது விதி. அக்காவோ, எழுந்து நின்று மேல்கம்பியில் இருக்கும் தீனியை எட்ட முடியாத எலிகளுக்கு அதை ஊறவைத்துத் தரையில் வைத்திருக்கிறார். சோதனையின் கடைசி நாள்தான் எனக்குத் தெரிந்தது. எடைக் கணக்கெல்லாம் நாசமாய்ப் போச்சு என்று கத்தினேன்.

"இன்னா மேடம், பசிக்குது அதுங்களுக்கு. பாத்துகினு எப்டி சும்மா இருக்கறது?" என்றார்.

விக்ரம் சார் கத்தவில்லை. "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா" என்றார். அக்கா வீட்டில் வேலைக்குப் போவது அவர் ஒருவர்தான்.

"திருட்டுத்தனமா பண்ணல சார். நோட்ல எழுதிகினுதான் கீறேன்" என்று அக்கா ஒரு நோட்டை நீட்டினார். எந்த எலிக்கு எந்தத் தேதியிலிருந்து தரையில் தீனி என்று ஒன்றுவிடாமல் இருந்தது. அதாவது, எந்த எலி என்றைக்கு நிற்க முடியாமல் போனது என்று. எனக்குச் சட்டென்று உறைத்தது. "அளவெடுப்பு முடிஞ்சாச்சு சார், உறையைப் பிரிங்க" என்றேன்.

"அஞ்சாம் நம்பர்" என்று அக்கா வாசித்தார். வெற்று ஊசி. "ஒம்போது." வெற்று. "பதினொண்ணு." அதுவும் வெற்று. நான் பட்டியலில் விரல் வைத்துத் தேடிக்கொண்டே போனேன். நோட்டில் மொத்தம் பதினோரு எலிகள்; அதில் பத்து வெற்று ஊசி. மரபணு ஊசி போட்டதில் ஒன்றுதான் படுத்திருந்தது. மற்ற பதினொன்றும் அன்று காலைகூட நின்றுதான் தின்றன. "இவங்களுக்கு எது எதுன்னு தெரியாது, அதான் இதுக்கு மதிப்பு" என்று சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் வெட்கமில்லாமல் குதித்தேன். யாருக்கு முதலில் போன் செய்வது என்று இருவரும் போட்டி போட்டோம்.

அக்கா மட்டும் கதவோரமே நின்றார்.

"அப்ப நாளிக்கு வர்லாமா மேடம்?"

அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்ததையே நாங்கள் மறந்துபோயிருந்தோம்.