பெயிண்ட்டின் மேல் மாட்டிய கிளிப்

பணிமனையில் எல்லோரும் அவளை ஸ்கேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரைத் திறக்காமலே, உள்ளே இருக்கும் செம்புக்கம்பிச் சுருள் நெளிந்திருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். கருவியை மாட்டினால் திரையில் ஒரு கோடு வரும். அதைப் பழைய கோட்டோடு ஒப்பிடுவாள். விலகியிருந்தால் சுருளில் கோளாறு. தலையில் ஏற்றிவைத்த மூக்குக்கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிறவள், இதில் மட்டும் புலி.

அன்றைக்குக் கோடு விலகித்தான் வந்தது. முந்தின வாரம் லைனில் பெரிய ஷார்ட் சர்க்யூட். அதனால் சுருள் நெளிந்திருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டே போயிருந்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார், அங்கே ஓட வேண்டிய அவசரம் வேறு. மறுபடி சோதிக்கவில்லை.

"நிறுத்திடுங்க. ஓட்டினா வெடிச்சிடும்" என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு மாற்றாக இருந்த ஜோடி டிரான்ஸ்பார்மரும் ஏற்கெனவே பழுதாகிக் கிடந்தது. அந்தத் தடத்து ரயில்களெல்லாம் ரத்து. அதில் ஒன்றில்தான் அவளுடைய அக்கா வர இருந்தாள்.

"பெரியவ வந்துட்டாளா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "வந்துட்டே இருக்காப்பா" என்று இவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் மாறி மாறி அக்கா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டிரான்ஸ்பார்மரைத் திறக்கும் நாளில், சுருள் நெளிந்திருக்க வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு நின்றாள். எண்ணெயை வடித்து மூடியைத் தூக்கினார்கள். சுருள் ஒரு குறையுமில்லாமல் நேராக இருந்தது.

சோதித்த அன்றைக்கு அவள் கருவியின் எர்த் கிளிப்பை மாட்டிய இடத்தைப் போய்ப் பார்த்தாள். புதுப் பெயிண்ட்டின் மேல் கிளிப்பின் பல் பதிந்திருந்தது. பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் மாட்ட வேண்டும். எத்தனை பேரிடம் தொண்டை கிழியச் சொல்லியிருப்பாள்! எர்த் பிடிக்காமல்தான் கோடு விலகியிருக்கிறது.

"சந்தேகம்னா நிறுத்தறதுதாங்க சரி. இதுக்குப் போய் மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்களே" என்றார் மேஸ்திரி. அவர் நல்ல மனதோடு சொன்னதுதான் இன்னும் சுட்டது.

அக்காவிடம் சொல்லிவிடுவது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்தபடியே வீட்டுக்கு வந்தாள். அக்கா, துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவை உசிரோட பார்க்க எனக்குக் குடுத்து வெக்கல. ஆனா அன்னிக்கு இவ மட்டும் நிறுத்தலேன்னா எத்தனை பேர் போயிருப்பாங்களோ! அதை நெனச்சுத்தான் மனசைத் தேத்திக்கிறேன்" என்ற அக்கா, இவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இல்லியாடி?"

"ஆமாக்கா" என்றாள் அவள்.